காபி குடுத்துட்டு உள்ள போனவ

நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்புல அந்தப் படத்தப் போட்டது யாரு? ‘கதாபாத்திரங்களின் வகைகள்’னு மேல கொட்டை எழுத்துல எழுதி, கீழ கட்டம் கட்டமா முதன்மைப் பாத்திரம், எதிர்ப் பாத்திரம், துணைப் பாத்திரம், மாறுகிற பாத்திரம், மாறாத பாத்திரம்னு... பேரனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கதுக்காம். நல்லாருங்க. அது வந்ததுலருந்து ரெண்டு நாளா எனக்கு இருப்புக் கொள்ளல. அடுப்புல பால வச்சுட்டு வாசலுக்குப் போறேன். வாசலுக்குப் போயி, எதுக்கு வந்தோம்னு முழிக்கேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். சொல்லித் தீத்தாத்தான் எனக்கு ஆறும் போல. நீளமா இருக்கேன்னு பாதியில ஓடிராதீங்க. நம்ம முட்டுவலிய வச்சுக்கிட்டு ஓடி எங்க போகப் போறோம்?

உங்கள்ல பாதிப் பேருக்கு எங்க வளவு தெரியும். சங்கரன்கோவில்ல நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, எதிரும் புதிருமா வீடுக, நடுவுல ஒரே நடை. பக்கத்துத் தெருவுல இருந்து தறிச்சத்தம் பகல் பூரா வந்துக்கிட்டே இருக்கும். அப்பா அங்கனதான் தறி ஓட்டுனாரு. காலையில சோத்துப்பாடு முடிஞ்சதும் பொம்பளைக எல்லாரும் சுளகத் தூக்கிக்கிட்டு அந்த நடையில வந்து உக்காருவாங்க. சுளகுல வெட்டுன இலை, ஒரு ஓரமா புகையிலைத் தூளு, நூல்கண்டு. பீடி சுத்துற கை ஒரு பக்கம் ஓடும், வாயி ஒரு பக்கம் ஓடும். ஆடி மாசம் வந்துட்டா காத்து வேற. இலை பறக்கும், தூளு கண்ணுல விழும். எனக்கு ஒரே தும்மல்.

அப்ப நாம ஏழாங்கிளாஸ். எனக்கு நல்லா வாசிக்க வரும்னு உங்களுக்கே தெரியும். அதனால எங்க வளவுல எனக்கு ஒரு உத்தியோகம் இருந்துச்சு. சனிக்கிழமை வாரப்பத்திரிகை வந்ததும், தொடர்கதைய எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிக்கணும். வாசிக்கிற நேரத்துல நான் பீடி சுத்த முடியாதுல்லா, அதுக்கு ஈடா ஒவ்வொருத்தியும் சுத்துன பீடியில கொஞ்சம் எடுத்து என் சுளகுல போடுவாங்க. வாசிக்கிறவ சுளகு காலியாக் கெடக்கக் கூடாதுன்னு முதல்வீட்டு அத்தை போட்ட சட்டம் அது. அவங்கதான் அந்த வளவுக்கே கலெக்டர். குரலும் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஓடுன கதை ஒரு தேயிலைத் தோட்டத்துல நடக்கு. கல்யாணின்னு ஒரு அநாதைப் பொண்ணு. தோட்டத்துக்குப் புதுசா வந்த இஞ்சினியரு ரகுபதி. வெள்ளைச் சட்டை, மெல்லிசாப் பேச்சு, தன் சாப்பாட்டுல பாதியத் தெரு நாயிக்குப் போடுறவன். அவனுக்கு எதிரா சூப்பர்வைசர் மாணிக்கம். கதையோட போடுற படத்துல அவனுக்குப் புருவம் ரெண்டும் ஒண்ணாச் சேந்திருக்கும், சிரிக்கவே மாட்டான். அப்புறம் பங்களாவுல சமையல் செய்யிற பாக்கியம். காபி கொண்டாந்து குடுப்பா, உள்ள போயிருவா.

கட்டம் போட்ட அந்தப் படம் எல்லாம் எங்க வளவுல எதுக்கு? கதையில வாரவங்கள எங்காளுக மூணாப் பிரிச்சிருந்தாங்க. சோறு, காரம், தொட்டுக்க. கல்யாணியும் ரகுபதியும் சோறு, அவங்க இல்லாம எல இல்ல. மாணிக்கம் காரம், அவன் இல்லாட்டி சப்புன்னு இருக்கும். பாக்கியம் மாதிரி ஆளுக தொட்டுக்க. இருந்தா சரி, இல்லைன்னாலும் ஒருத்தரும் தேட மாட்டாங்க. புதுசா ஒரு ஆளு கதைக்குள்ள கால வச்சதும் முதல்வீட்டு அத்தை, “ஏட்டி, படத்தக் காட்டு”ன்னு கேட்டு, மூஞ்சியப் பாத்த மேனிக்கே தீர்ப்புச் சொல்லிருவாங்க. சொன்னது அனேகமாப் பலிக்கும். படம் போடுறவனும் அவங்களுக்குத் தோதாத்தான் போட்டான்.

ஒத்துக்கிடாத ஆளு எங்க சித்தி ஒருத்திதான். அம்மாவோட கடைசித் தங்கச்சி. தாயி தகப்பன் போனதுக்கப்புறம் எங்க வீட்டுலதான் இருந்தா. இருபது இருபத்தோரு வயசு இருக்கும். வளவுலயே வேகமாச் சுத்துறவ, வாயும் அதே வேகம்.

“ஏன் மதினி, அந்த மாணிக்கத்துக்கு ஒரு நாளு காச்சல் வராதா? அவனப் பெத்தவ ஒருத்தி இருப்பாள்ல? அவகிட்டயும் இப்படித்தான் புருவத்தச் சுளிப்பானா?”ன்னு கேப்பா.

“கெட்டவனுக்கு என்னட்டி காச்சலு? வந்து சாவட்டும்”னு முதல்வீட்டு அத்தை சொல்ல, நடை பூரா சிரிக்கும்.

அம்மா சிரிச்சது எனக்கு ஞாபகமில்ல. கடைசியில ஒரு ஓரமா உக்காந்து சுத்திக்கிட்டிருப்பா. கதை சூடாப் போற இடத்துல எந்திரிச்சுப் போயி கொடியில காயுற துணிய எடுப்பா. எனக்குன்னா கோவம் கோவமா வரும், இவ்வளவு உசுரக் குடுத்து வாசிக்கேன், இந்தம்மாவுக்குத் துணிதான் பெருசான்னு. எங்க வீட்டையும் நான் மனசுக்குள்ள பிரிச்சு வச்சிருந்தேன். சித்தி சோறு. அப்பா கொஞ்சம் சோறு, கொஞ்சம் காரம். அம்மா தொட்டுக்க. இன்னொண்ணையும் கவனிச்சு வச்சிருந்தேன். கதையில வாரவங்களுக்குத்தான் பேரு இருக்கும். எங்க வளவுல அத்தை, மதினி, அக்கா, இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மா, அவ்வளவுதான்.

எங்க வளவுக்குன்னு ஒரு மாணிக்கம் இருந்தாரு. பீடிக்கடையில செக்கர் அண்ணாச்சி. கொண்டு போற பீடிக்கட்டெல்லாம் பிரிச்சு, அமுக்கிப் பாத்து, இது லூசு, இது கருகல்னு ஒடிச்சு ஒடிச்சுக் கூடையில போடுவாரு. ஒரு பொம்பள அன்னைக்கெல்லாம் முதுகு ஒடிய உக்காந்து சுத்துனத கண்ணு முன்னால ஒடிச்சா வயிறு எரியாதா? சிரிக்கவும் மாட்டாரு. புருவம் கூட ஏறக்குறைய மாணிக்கம் மாதிரிதான். அவரு சொந்த ஊரு இளையரசனேந்தல் பக்கம். கல்யாணம் ஆகல. சித்தி கட்டக் கொண்டு போனா மட்டும் கொஞ்ச நேரம் கூட அமுக்கிப் பாக்காருன்னு வளவுல ஒரு பேச்சு இருந்துச்சு. நெசமோ பொய்யோ, எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது.

ஆனி கடைசியில சித்தியப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையும் இளையரசனேந்தல் பக்கம் ஒரு கிராமம். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. வெள்ளைச் சட்டை. கேட்ட கேள்விக்கு மட்டும், அதுவும் குனிஞ்சுக்கிட்டு, மெல்லிசாப் பதில். வளவுப் பொம்பளைக அத்தனை பேரும் ஜன்னல்லயும் கதவிடுக்குலயும் தொங்குதாங்க. அம்மா காபி கொண்டாந்து குடுத்துட்டு உள்ள போனா. மாப்பிள்ளை தட்டுல இருந்த முறுக்குல பாதிய எனக்கு ஒடிச்சுத் தந்தாரு. மிச்சப் பாதிய, வாசப்படியில படுத்திருந்த எங்க வளவு நாயிக்குப் போட்டாரு.

அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளிய ‘ஹா’ன்னு ஒரு சத்தம். முதல்வீட்டு அத்தைக்கு மூச்சே நின்னுருச்சு. “ஏட்டி! ரகுபதிடி! அச்சு அசல் ரகுபதி!” சொல்லுதது உள்ள உக்காந்திருந்த மாப்பிள்ளையோட அம்மாவுக்கே கேட்டிருக்கும். சித்தி தரையப் பாத்துக்கிட்டே சிரிச்சா. காரத்துக்கும் காச்சல் வரும்னு வாதாடுனவ, சோத்தப் பாத்ததும் மயங்கிட்டா. அன்னைக்கே பூ வச்சு, ஆவணியில முகூர்த்தம்னு பேசிட்டாங்க. சித்திக்குன்னு நகை எதுவும் கிடையாது. அம்மா தன் சங்கிலியப் போடுறதாப் பேச்சு.

ஆடி பொறந்துச்சு. நல்ல காரியம் எதுவும் நடக்காத மாசம், அதனால எல்லாம் அப்படியே நின்னுச்சு. காத்து மட்டும் நிக்கல. சித்திக்கு ஒரு இடத்துல கால் தரிக்கல. கண்ணாடி முன்னால நிப்பா, வாசலுக்கு வருவா, “ஏட்டி, ரகுபதி அந்தக் காகிதப் பூ குடுத்த இடத்த இன்னொருக்கா வாசி”ன்னு வந்து நிப்பா. கோயில்ல ஆடித்தபசுக்குக் கொடியேறி ஊரே ஆடிச்சுத்துல கெடந்துச்சு. நேந்துக்கிட்டவங்க விடியக்காலையில ஆரம்பிச்சு கோயிலச் சுத்தி சுத்தி வருவாங்கள்ல, அது.

அந்த நாள்லதான் ஒரு தடவை நானும் அம்மாவும் சுத்துன பீடியக் கடையில போடப் போனோம். செக்கர் அண்ணாச்சி கட்ட அமுக்கிக்கிட்டே, நிமிந்து கூடப் பாக்காம, “மதினி, மாப்பிள்ளை ஊருல யாராவது போயி விசாரிச்சீங்களா?”ன்னு கேட்டாரு. அம்மா முழிச்சா. அவரு ரெண்டு பீடிய ஒடிச்சுக் கூடையில போட்டுட்டு, “அடுத்த ஆளு வாங்க”ன்னுட்டாரு.

அம்மா வீட்டுக்கு வந்து இத அப்பாகிட்டச் சொன்னா. பக்கத்துல நின்னவங்க காதுலயும் விழுந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள வளவு பூரா தீ மாதிரி பத்திக்கிச்சு.

“பாத்தியாட்டி, மாணிக்கம் வேலையக் காட்டிட்டான்! இவனுக்குக் கெடைக்கலன்னு வயித்தெரிச்சல்!”னு முதல்வீட்டு அத்தை கைய உதறுனாங்க.

அப்பாவும் லேசுப்பட்ட ஆளில்ல. “வாயில்லா ஜீவனுக்கு முறுக்கு ஒடிச்சுப் போட்டவன், அவனப் போயி விசாரிக்கணுமா? கேக்கதுக்கு அவன் யாரு?”ன்னு குதிச்சாரு.

இப்ப நெனைச்சா எனக்கு அந்த நாயி மேலதான் கோவம் வருது. சம்பந்தம் பண்ணுறதுன்னா நம்ம பக்கத்துல எப்படி விசாரிப்பாங்க! டீக்கடை, ரேஷன் கடை, கோயில் பூசாரின்னு ஒரு இடம் விடாம. ஒரு பத்திரிகைக் கதையில ஒருத்தன் நாயிக்குச் சோறு போட்டான்னு, கூடப் பொறந்தவளத் தூக்கிக் குடுக்கத் துணிஞ்சுட்டாங்க எங்காளுக. வேற எந்த ஊருலயாவது இது நடக்குமா?

ரெண்டு நாளு கழிச்சு, விடியுறதுக்கு முன்னால அம்மா என்னைத் தட்டி எழுப்புனா. ஆடிச்சுத்துக்கு நேந்திருக்கேன், வர சாயங்காலம் ஆகும்னு வீட்டுல சொல்லிட்டா. ஆடிச்சுத்துன்னா நாள் பூராக் காணலைன்னாலும் ஒருத்தரும் தேட மாட்டாங்க. கோயில் தெரு முக்கு வரைக்கும் போனோம். அங்கன நின்னு கோபுரத்தப் பாத்து ஒரு கும்பிடு போட்டா. அப்புறம் என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்துக்கிட்டு விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. எங்கம்மா தனியா பஸ் ஏறி நான் பாத்ததே இல்ல. குருவிகுளம் பஸ் எங்க நிக்கும்னு எங்கிட்டத்தான் கேட்டா.

எனக்குப் புரிஞ்சு போச்சு, மாப்பிள்ளை ஊருக்குத்தான் போறோம்னு. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அங்கன போயி என்ன பாக்கப் போறோம்? கல்யாணம் நின்னுட்டா சித்தி என்ன ஆவா? அம்மா ஜன்னலோரமா உக்காந்து முந்தானையத் திருகிக்கிட்டே இருந்தா. கொஞ்ச தூரம் போனதும் திடீர்னு கேட்டா:

“அந்தக் கதையில பாக்கியம் அப்புறம் வந்தாளா?”

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. துணி எடுக்கப் போறவளுக்குப் பாக்கியம் பேரு தெரியுது.

“இல்லம்மா. காபி குடுத்துட்டு உள்ள போனதோட சரி.”

“அவளுக்கும் ஏதாவது தெரிஞ்சிருக்கும். உள்ள இருந்தா எல்லாம் கேக்கும்லா”ன்னா.

குருவிகுளத்துல இறங்கி இன்னொரு பஸ். அதுலயும் இறங்கி, புல்லும் முள்ளும் மண்டுன ஒத்தையடிப் பாதையில ஒரு நடை. கரிசக்காட்டு வெயில் உங்களுக்குத் தெரியும். வீட்ட விசாரிச்சுப் போயிச் சேந்தப்ப, முத்தத்துல ஒரு பொண்ணு உக்காந்து உளுந்து பொடைச்சுக்கிட்டிருந்தா. சித்தி வயசு இருக்கும். அம்மா, “கழுகுமலை போகணும்தா, தப்பி இறங்கிட்டோம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு”ன்னா.

“வெயில்ல வந்திருக்கீக, வெறுந்தண்ணி குடிக்காதீக”ன்னு அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயி, செம்புத் தண்ணியோட ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொண்டாந்து குடுத்தா. அந்த வீட்டுல எந்தப் பானைக்குள்ள எது இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

“இது உங்க வீடாத்தா?”

“எங்க அத்தை வீடு.” வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. “ஆவணியிலருந்து எங்க வீடு. மச்சானுக்கும் எனக்கும் சின்னதுலயே பேசி வச்சது. போன மாசம்கூட எங்கய்யா வந்து கேட்டாக. மச்சான் சரின்னுட்டாக.”

அம்மா செம்ப வாயில இருந்து எடுக்கவே இல்ல. தண்ணி தீந்த பொறவும் குடிச்சுக்கிட்டே இருந்தா.

அந்த நேரத்துலதான் மாப்பிள்ளை சைக்கிள்ல வந்து இறங்குனாரு. எங்களப் பாத்ததும் மூஞ்சியில ரத்தமில்ல. “இவுகளுக்கு வழி காட்டி விட்டுட்டு வாரேன்”னு அவகிட்டச் சொல்லிட்டு, எங்கள மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாரு. கன்னுக்குட்டி ஒண்ணு அவரு கைய நக்கிக்கிட்டே நின்னுச்சு.

“மதினி, நான் கெட்டவன் இல்ல மதினி”ன்னாரு முதல்ல. “மாமாவுக்கு நான் சரின்னு சொன்னது நெசம். எங்கம்மா உங்க பக்கம் நகை போடுதாகன்னு மாமாவுக்குத் தெரியாம உங்க வீட்டுல பேசிட்டா. அவகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாயி வரல.”

“அப்ப ஆவணியில என்ன செய்யதா இருந்தீங்க?”

“அதுக்குள்ள ஏதாவது நடக்கும்னு இருந்தேன்.”

சொல்லிட்டு அழுதாரு. அழுதுக்கிட்டே கன்னுக்குட்டிக்கு ஒரு பிடி சோளநாத்து எடுத்துப் போட்டாரு. சத்தியமாச் சொல்லுதேன், அன்னைக்கு நாயிக்கு முறுக்கு போட்டது நடிப்பில்ல. அந்த ஆளு நல்ல மனுசன்தான். யாரு மனசும் நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்து, ரெண்டு பொண்ணுகள ஒரே மாசத்துல நிறுத்தி வச்சிருந்தாரு. நம்ம குரூப்புல வந்த படத்துல அந்த மாதிரி ஆளுக்குக் கட்டம் இருக்கா? நான் மேலயும் கீழயும் தேடிப் பாத்துட்டேன், இல்ல.

எங்கம்மா குரலையே உசத்தல. “தம்பி, எல்லாருக்கும் சரின்னா யாராவது ஒருத்தி தெருவுல நிப்பா. உள்ள ஒருத்தி கருப்பட்டி குடுத்தா. அவளுக்கு இது தெரிய வேண்டாம். நாங்க வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும். உங்கம்மா கேட்டா என்னைச் சொல்லுங்க”ன்னா.

பஸ்ல திரும்பி வரும்போது என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. “உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாலு ஆளக் கூட்டிக்கிட்டு அரிவாளத் தூக்குவாரு. அந்தப் புள்ளையும் வாழ மாட்டா. உங்க சித்தியும் ஏமாந்த பொண்ணுன்னு பேரெடுப்பா, பொறவு எவன் வருவான்? நான் வேண்டாம்னேன்னா என்னைத்தான வைவாங்க? வையட்டும். ஏட்டி, நீ நல்லா வாசிப்ப. இத மட்டும் வாசிச்சிராத.”

இறங்குனதும் நேரா கோயிலுக்குப் போனா. சொன்ன சொல்லு பொய்யாயிரக் கூடாதுன்னு, பொழுது சாயுற வரைக்கும் கூட்டத்தோட கூட்டமாச் சுத்துனா. கால் சுட்டுச்சு, பசிச்சுச்சு, அழுகையா வந்துச்சு. அம்மா பின்னால நானும் சுத்துனேன்.

அன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லிட்டா. “எனக்கு மனசுக்குப் படல. இந்தச் சம்பந்தம் வேண்டாம்.” ஏன்னு கேட்டதுக்கு அதையேதான் திருப்பிச் சொன்னா. அப்பா சோத்துத் தட்ட விட்டெறிஞ்சாரு. சித்தி ஓடி வந்து, “அக்கா, என்னக்கா? காரணத்தச் சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்”னு கையப் புடிச்சா. அம்மா கைய உருவிக்கிட்டுப் போயி, செதறுன சோத்தக் கூட்டி அள்ளுனா.

ரெண்டே நாள்ல வளவு தீர்ப்புச் சொல்லிருச்சு. “சங்கிலியக் கழட்டணும்லா, அதான் வலிச்சிருக்கு.” “தங்கச்சி தன்னை விட நல்லாருந்திரக் கூடாது, அந்த நெனைப்பு.” முதல்வீட்டு அத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி, “மாணிக்கத்த வெளிய தேடுனோமே, நம்ம நடையிலயே உக்காந்து பீடி சுத்தியிருக்கான்”னாங்க. இதப் படிக்கிற உங்க வீடுகள்லயும் பேசியிருப்பாங்க, எனக்குத் தெரியும். பாவி, கூடப் பொறந்தவ வாழ்க்கையக் கெடுத்தாங்கிற பேச்சு பள்ளிக்கூடத்துல என் காதுக்கே வந்துச்சு. இப்ப யாரு மேலயும் எனக்குக் கோவமில்ல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லுதேன்.

சித்தி சுளகத் தூக்கிக்கிட்டு, அம்மாவ விட்டு நடையோட அந்தக் கடைசிக்குப் போயிட்டா. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, “உங்கம்மாகிட்டச் சொல்லு, உப்பு தீந்துருச்சு”ன்னு எங்கிட்டச் சொல்லுவா. எனக்கா, நாக்கு நமநமன்னு அரிக்கும். ஊருக்கே கதை வாசிக்கிறவ நான். எங்கிட்ட நெசக்கதை ஒண்ணு கெடக்கு. ஒரு வரி சொன்னாப் போதும், எல்லாம் நேராயிரும். ராத்திரி பாயில பொரளுவேன். அம்மா பக்கத்துல படுத்துக்கிட்டு என் தலையில கைய வச்சுக்கிடுவா.

செக்கர் அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அவரு ஊருதான? அடுத்த தடவை போனப்ப அம்மா மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்தாரு. ஆகா, நல்ல மனுசன், இன்னைக்கு நம்ம கட்டு தப்பிச்சுச்சுன்னு நான் நெனைச்சேன். எப்பவும் போல அமுக்கிப் பாத்து, எப்பவும் ஒடிக்கத விட ஒரு பிடி கூடவே ஒடிச்சுப் போட்டாரு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் அவர வைதுக்கிட்டே போனேன்.

ஆடித்தபசு முடிஞ்ச வாரம் தொடர்கதையும் முடிஞ்சுச்சு. மாணிக்கம் ஜெயிலுக்குப் போனான், கல்யாணிக்கும் ரகுபதிக்கும் கல்யாணம் ஆச்சு. வளவே கை தட்டுச்சு. சித்தி மட்டும் தட்டல. நான் கடைசி வரி வரைக்கும் பாக்கியத்தத் தேடுனேன். வாசிச்சு முடிச்சுட்டு, அடுப்படியப் பாத்து, “அம்மா, பாக்கியம் வரவே இல்ல”ன்னு சத்தமாச் சொன்னேன். உள்ள இருந்து “ம்”னு ஒரு சத்தம் வந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு சித்திக்கு நம்ம ஊருலயே மாப்பிள்ளை அமைஞ்சுச்சு, சைக்கிள் கடைக்காரரு. வாயத் தொறந்தா வசவுதான். ஆனா சித்தி டைபாயிடுல கெடந்தப்ப கடைய அடைச்சுட்டு அந்த மனுசன் கஞ்சி காச்சிக் குடுத்தாரு. அக்கா தங்கச்சி பேச்சு மட்டும் ஒட்டல. நல்லது கெட்டதுக்கு வருவா, உக்காருவா, போயிருவா. அம்மா போனப்பவும் வந்தா. கால்மாட்டுல உக்காந்து பாதத்தத் தடவிக்கிட்டே இருந்தா, ஒரு சொல்லு சொல்லி அழல. எனக்கு அன்னைக்கு அவ மேல அப்படி ஒரு ஆத்திரம்.

இந்த வருஷத் தபசுக்குச் சித்தி வீட்டுக்குத்தான் போயிருந்தேன். டிவியில சீரியல் ஓடுது, சித்தி சோபாவுல காலத் தூக்கி வச்சுக்கிட்டு, “இவ காரம், இவன் தொட்டுக்க”ன்னு பிரிச்சுக்கிட்டிருக்கா. அப்பத்தான் உங்க படம் என் போன்ல வந்து விழுந்துச்சு. பழைய பழக்கம், சத்தமா வாசிச்சேன். துணைப் பாத்திரம்னு நான் வாசிச்ச இடத்துல சித்தி சிரிப்ப நிறுத்திட்டா.

“ஏட்டி, உங்கம்மா அன்னைக்கு ஆடிச்சுத்துக்குப் போகல”ன்னா.

நான் போனக் கீழ வச்சேன்.

“மறுநாளு அவ சேலைய நான்தான் தொவைச்சேன். ஓரம் பூரா ஒட்டுப்புல்லு. கோயிலச் சுத்துனா ஒட்டுப்புல்லு ஒட்டுமா? எங்க போயிட்டு வந்திருக்கான்னு எனக்கு அப்பவே தெரியும். என்னமோ பாத்துட்டுத்தான் வந்திருக்கான்னும் தெரியும்.”

“பொறவு ஏன் சித்தி இத்தனை வருஷமா?”

“கேட்டா அவன் என்னை ஏமாத்துனதச் சொல்லுவா. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. யாரையாவது வையணும் போல இருந்துச்சு. உங்கம்மா வாகா நின்னா, நான் வைதுட்டேன். பழகிப் போச்சு. பொறவு எப்படி நிறுத்தன்னு தெரியல.” கண்ணத் தொடைக்கக் கூட இல்ல, அது பாட்டுக்கு வழியுது. “சாகக் கெடக்கையில என் கையப் புடிச்சா. அப்பவாவது கேட்டிருக்கலாம். கேக்கலையேட்டி.”

சித்தி ரிமோட்ட எடுத்து டிவிய அமத்துனா. எந்திரிச்சு உள்ள போயி, ஒரு கை நிறைய வறுத்த கடலை கொண்டாந்து என் மடியில போட்டா.

“வாசிக்கிறவ மடி காலியாக் கெடக்கக் கூடாதுல்லா. சொல்லு. பஸ் ஏறுனதுலருந்து சொல்லு. ஒண்ணையும் விட்டுராத.”

அம்மா வேண்டாம்னு சொன்ன சொல்லு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. வெளிய மேளம் போகுது, காத்து கதவப் போட்டு அடிக்கு. கதைன்னு சொன்னா பேரு வேணும்லா. அந்தக் காலத்துல நடையில உக்காந்து வாசிச்ச அதே குரல்ல, நிமிந்து உக்காந்து, ஆரம்பிச்சேன்:

“கோமதி குருவிகுளம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.”